கடலூர், புதுச்சேரிப் பிள்ளைகள் ஐ.டி. வேலைக்குள் நுழைய ஒரு வழிகாட்டி

கடலூர், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து ஐ.டி. வேலை தேடுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "என்ன கோர்ஸ் படிக்கலாம்?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: எந்த வேலைக்கு? ஐ.டி. என்பது ஒரே வேலை இல்லை. அதற்குள் பத்துப் பதினைந்து வேலைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் கற்க வேண்டியது வேறு, நேர்காணலில் கேட்பது வேறு, சம்பளம் ஏறும் வேகமும் வேறு. வேலையைத் தேர்ந்தெடுக்காமல் கோர்ஸில் சேர்ந்த பிள்ளைகள் கொஞ்சம் ஜாவா, கொஞ்சம் பைத்தான், கொஞ்சம் கிளவுட் என்று எல்லாவற்றிலும் முதல் அத்தியாயம் மட்டும் தெரிந்தவர்களாக நின்றுவிடுகிறார்கள். அவர்களுடைய கோப்பில் ஏழெட்டுச் சான்றிதழ்கள் இருக்கும். "இதை நானே செய்தேன்" என்று திறந்து காட்ட ஒன்றும் இருக்காது.

ஃப்ரெஷரை, அதாவது முன் அனுபவம் இல்லாத புதியவரை, எடுக்கிறவர்கள் பார்க்க விரும்புவது அந்த ஒன்றைத்தான். அதை உருவாக்கும் வரைக்கும், அதற்கு அப்புறம் வேலையில் காலூன்றும் வரைக்கும் என்னென்ன செய்யலாம் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் வேலையைத் தேர்ந்தெடுங்கள்

புதிதாக வருபவர்களுக்கு உண்மையிலேயே திறந்திருக்கும் வாசல்கள் சிலதான். மென்பொருள் எழுதுவது முதலாவது. திரையில் தெரிவதை எழுதுவது ஃப்ரண்ட் எண்ட், பின்னால் கணக்கும் தரவும் நடக்கும் இடம் பேக் எண்ட். போட்டி அதிகம், ஆனால் வளர்ச்சியும் அதிகம். ஒரு சிக்கலோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்து போராடினாலும் சலிக்காதவர்களுக்கு இது பொருந்தும்.

இரண்டாவது டெஸ்டிங். மற்றவர் எழுதிய மென்பொருள் எங்கே உடைகிறது என்று தேடுகிற வேலை. மனிதர்கள் எப்படியெல்லாம் தப்பாகப் பயன்படுத்துவார்கள் என்று யோசிக்கத் தெரிந்தவர்கள் இதில் நன்றாக வருவார்கள். கையால் சோதிப்பதை மட்டும் கற்றுக்கொண்டு நின்றுவிடாதீர்கள், செலினியம் போன்ற கருவியில் தானியங்கிச் சோதனை எழுதவும் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது சப்போர்ட். சர்வர், நெட்வொர்க், பயனர்களின் புகார்கள். லினக்ஸும் நெட்வொர்க் அடிப்படையும் தெரிந்தால் நுழையலாம். இரவு ஷிஃப்ட் இருக்கும். இங்கே இரண்டு வருடம் ஊன்றிக் கற்றவர்கள்தான் பிறகு கிளவுட் (இணையவழி சர்வர்கள்), டெவாப்ஸ் (மென்பொருளை வெளியிட்டுத் தடையின்றி ஓட வைப்பது), சைபர் பாதுகாப்பு என்று போகிறார்கள். சைபர் பாதுகாப்பில் நேரடியாக ஃப்ரெஷராக நுழைய நினைப்பவர்களுக்கு நான் சொல்வது, முதலில் நெட்வொர்க்கும் லினக்ஸும் படியுங்கள். பாதுகாக்க வேண்டியது எப்படி ஓடுகிறது என்று தெரியாமல் அதைப் பாதுகாக்க முடியாது.

நான்காவது தரவு. பி.காம்., பொருளியல், புள்ளியியல் படித்தவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்கலாம். எக்செல், தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்கும் மொழியான எஸ்கியூஎல், தரவை வரைபடமாகக் காட்டும் பவர் பிஐ மூன்றும் கைக்குள் இருந்தால் டேட்டா அனலிஸ்ட் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த கணக்கியல் அறிவு இங்கே வீண் போகாது.

ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். நான்கிலும் தலா ஒரு மணி நேரப் பயிற்சி வீடியோ பார்த்து, பார்த்ததைக் கையால் செய்து பாருங்கள். எதைச் செய்யும்போது நேரம் போனதே தெரியவில்லையோ, அதை எடுங்கள். பக்கத்து வீட்டுப் பையன் எதில் இருக்கிறான் என்று பார்த்து எடுக்காதீர்கள்.

புதுச்சேரியில் இருக்கும் இன்னொரு வாசல்

நம் பகுதியில் பலர் கண்ணில் படாத ஒரு துறை இருக்கிறது: மின்பதிப்பு. வெளிநாட்டுப் பதிப்பகங்களின் புத்தகங்களையும் ஆய்விதழ்களையும் திருத்தி, பக்கம் அமைத்து, எக்ஸ்எம்எல்லாக (உள்ளடக்கத்தைக் குறியிட்டு வைக்கும் வடிவம்) மாற்றி, மின்னூலாக்கித் தரும் நிறுவனங்கள் புதுச்சேரியில் பல வருடங்களாக இயங்குகின்றன. 1994-இல் தொடங்கிய இன்டெக்ரா அவற்றில் ஒன்று. ஆங்கில இலக்கியம் படித்தவர், பி.எஸ்சி. இயற்பியல் படித்தவர், டிப்ளமோ முடித்தவர் என்று பலருக்கும் முதல் சம்பளம் தந்தது இந்தத் துறை. கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருகிற தூரம்தான்.

இதில் நுழைபவர்கள் பலரும் இதை ஐ.டி. என்றே நினைப்பதில்லை. பக்கத்தில் திருத்தம் போடுகிற வேலை என்று நினைத்து, அப்படியே வருடக்கணக்கில் இருந்துவிடுகிறார்கள். உள்ளே நடப்பதைக் கவனித்தால் எக்ஸ்எம்எல், வலைப்பக்கத்தை எழுதும் எச்டிஎம்எல், அதன் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ், மின்னூல் வடிவமான ஈபப் என்று முழுக்க முழுக்க வலைத் தொழில்நுட்பம்தான். பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனுக்கான ஸ்கிரிப்ட்டை (வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) ஜாவாஸ்கிரிப்ட்டிலேயே எழுதலாம். ஒரு கோப்பில் நாலாயிரம் மேற்கோள் எண்களைக் கையால் சரிபார்க்கும் இடத்தில், குறிப்பிட்ட அமைப்பில் உள்ள எழுத்துகளைத் தேடும் ரெகுலர் எக்ஸ்பிரஷனும் இருபது வரி பைத்தானும் தெரிந்தவர் அதே வேலையைச் சில நொடிகளில் முடிப்பார். அப்படி முடிப்பவரைத்தான் அங்கே தொழில்நுட்பக் குழுவுக்கு இழுத்துக்கொள்வார்கள். இந்த வழியில் போகிறவர்களுக்கு என் ஆலோசனை: சேர்ந்த நாளிலிருந்தே உங்கள் மேசையில் திரும்பத் திரும்ப வரும் வேலை எது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்குள் அதில் ஒன்றையாவது ஸ்கிரிப்ட்டாக எழுதிக் காட்டுங்கள்.

இந்தத் துறையில் இப்போது அணுகல்தன்மை (மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி அமைப்பது) தெரிந்தவர்களுக்குத் தேவை கூடியிருக்கிறது. ஐரோப்பிய அணுகல்தன்மைச் சட்டம் 2025 ஜூன் 28 முதல் அமலுக்கு வந்துவிட்டது. அங்கே விற்கும் மின்னூல்களைப் பார்வையற்றவர்களும், திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் வைத்துப் படிக்கும்படி அமைக்க வேண்டும். படங்களுக்கு மாற்று விவரிப்பு எழுதுவது, தலைப்புகளைச் சரியான படிநிலையில் வைப்பது, அட்டவணைகளை ஒழுங்காகக் குறிப்பது எல்லாம் இதில் வரும். என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம். அதை நிறுவி, திரையை அணைத்துவிட்டு, ஒரு வலைத்தளத்தைக் காதால் மட்டும் கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் புரிவது எந்தப் பாடத்திலும் புரியாது. டெஸ்டிங் பக்கம் போக நினைப்பவர்களுக்கும் இது நல்ல கூடுதல் பலம்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இன்னொரு பலம் பிரெஞ்சு. பள்ளியில் பிரெஞ்சு எடுத்தவர்கள் அதை மதிப்பெண்ணுக்கான பாடமாக மட்டும் விட்டுவிடாதீர்கள். அலியான்ஸ் பிரான்சேஸ் என்ற பிரெஞ்சு மொழி மையத்தில் தொடர்ந்து படித்து, டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் தேர்வில் பி2 நிலை வரை போனால், பிரெஞ்சில் பேசி ஆதரவு தரும் தொழில்நுட்ப வேலைகளுக்கு விண்ணப்பிக்கலாம். அங்கே போட்டியிடும் ஆட்கள் குறைவு.

2024 பிப்ரவரியில் வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில் மினி டைடல் பார்க் என்ற ஐ.டி. வளாகத்தைத் திறந்தார்கள். விழுப்புரம் மாவட்டம் என்றாலும் புதுச்சேரி எல்லையை ஒட்டிய இடம். அங்கே இருக்கும் நிறுவனங்கள் ஆளெடுக்கும்போது உள்ளூரில் இருப்பது உங்களுக்கு வசதிதான், அவ்வப்போது விசாரித்துக்கொண்டிருங்கள்.

கணினி

புதியது வாங்கத் தேவையில்லை. அலுவலகங்களில் ஓடிப் புதுப்பித்து விற்கும் திங்க்பேட், லாட்டிட்யூட் வகை லேப்டாப் போதும். 8 ஜிபி ரேம் குறைந்தபட்சம், 16 இருந்தால் நிம்மதி, எஸ்எஸ்டி கட்டாயம். வாங்கும்போது பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கடையிலேயே பாருங்கள். விண்டோஸ் திணறினால் லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டு போடுங்கள். லினக்ஸில் பழகுவதே ஒரு தகுதி. பவர் பிஐ கற்பவர்கள் மட்டும் விண்டோஸை வைத்துக்கொள்ளுங்கள், அது லினக்ஸில் ஓடாது.

எந்த வரிசையில் கற்பது

மென்பொருள் எழுதும் பக்கத்தை வைத்துச் சொல்கிறேன். மற்றவர்கள் தங்கள் துறைக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளலாம்.

முதல் மாதம் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ். கூடவே தட்டச்சு. விசைப்பலகையைப் பார்க்காமல் தட்டத் தெரியாதவர்கள் தினமும் கால்மணி நேரம் பழகுங்கள். பிறகு ஒரே ஒரு நிரலாக்க மொழி: பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் மூன்றில் எதுவானாலும் சரி. எது சிறந்தது என்ற விவாதத்தில் போகும் நேரத்துக்கு அதில் ஒன்றின் பாதியைக் கற்றுவிடலாம். தேர்ந்தெடுத்த மொழியில் மாறிகள், நிபந்தனை, சுழற்சி, செயல்கூறு, பட்டியல், கோப்பு வாசிப்பது வரை வந்ததும் எஸ்கியூஎல்லுக்குப் போங்கள். பலர் எஸ்கியூஎல்லைக் கடைசியில் ஒரு வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளுகிறார்கள். அது பெரிய தவறு. டெஸ்டிங், சப்போர்ட், தரவு, மென்பொருள் என்று எந்த நேர்காணலுக்குப் போனாலும் இரண்டு அட்டவணைகளை இணைத்துத் தகவல் எடுக்கும் எஸ்கியூஎல் வரிகளை எழுதச் சொல்வார்கள். ஒரு மாதம் முழுதாக அதற்குக் கொடுங்கள்.

கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியை (நிரலில் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்து வைப்பது) முதல் வாரத்திலிருந்தே தொடங்கிவிடுங்கள். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் எழுதியது அது. இன்று ஏறத்தாழ எல்லா நிறுவனங்களிலும் அதுதான். தினமும் எழுதியதை அன்றன்றே கிட்ஹப் என்ற இணையதளத்தில் ஏற்றுங்கள், அசிங்கமாக இருந்தாலும் ஏற்றுங்கள். ஆறு மாதம் கழித்து உங்கள் பக்கத்தைப் பார்ப்பவருக்கு நீங்கள் வளர்ந்த விதம் அதில் தெரியும்.

பாடங்களுக்குப் பணம் தேவையில்லை. ஹார்வர்டின் சிஎஸ்50, ஃப்ரீகோட்கேம்ப், என்பிடெல் மூன்றும் இலவசம். என்பிடெல்லில் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் கட்டணம். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் படிப்பவர்களுக்கு 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் பாடங்கள் இருக்கின்றன. வருகைப்பதிவுக்காக உட்காராமல் அவற்றைச் செய்தே பாருங்கள். தமிழில் படித்தால்தான் புரிகிறது என்பவர்கள் கணியம் தளத்துக்குப் போங்கள். கட்டற்ற மென்பொருள்கள் பற்றித் தமிழில் 2012 முதல் எழுதி வருகிறார்கள். முதலில் தமிழில் புரிந்துகொண்டு, பிறகு அதையே ஆங்கிலத்தில் படிப்பதில் எந்தக் குறையும் இல்லை, புரிதல்தான் முக்கியம்.

தனியாகப் படிப்பவர்களில் பலர் மூன்றாவது மாதத்தில் நின்றுவிடுகிறார்கள். அதனால் ஆட்களைத் தேடிப் போங்கள். விழுப்புரத்தில் விஜிலக் என்ற லினக்ஸ் பயனர் குழுவும், புதுச்சேரியில் எஃப்எஸ்ஹெச்எம் என்ற கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கமும் மாணவர்களோடு சேர்ந்து வேலை செய்கின்றன. கேட்டால் சொல்லிக்கொடுக்கும் மனிதர்கள் அங்கே இருக்கிறார்கள். வேலையில் இருப்பவர்களும் வருவார்கள், அவர்களோடு பேசினால்தான் நிறுவனத்துக்குள் என்ன நடக்கிறது என்று தெரியும்.

காட்டுவதற்கு ஒரு வேலை

இதுதான் இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல நினைப்பது. நேர்காணல் செய்பவர்கள் நூறு ரெஸ்யூமில் எண்பதில் ஒரே ப்ராஜெக்ட்டைப் பார்க்கிறார்கள்: நூலக மேலாண்மை, மாணவர் வருகைப்பதிவு, கால்குலேட்டர். எங்கிருந்தோ எடுத்தது என்று பார்த்ததுமே தெரியும். "இதில் இந்த அட்டவணையை ஏன் தனியாக வைத்தீர்கள்?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், பேச்சு நின்றுவிடும்.

உங்கள் ஊரிலேயே நிஜமான கணக்குகள் கொட்டிக் கிடக்கின்றன. பண்ருட்டி முந்திரி வியாபாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கொட்டை மூட்டைக் கணக்கில் வருகிறது, மூட்டைக்கு 80 கிலோ. உடைத்து, உலர்த்தி, தோல் நீக்கினால் ஒரு மூட்டைக்கு ஏறக்குறைய 20 கிலோ பருப்பு கிடைக்கும். அந்தப் பருப்பைத் தரம் பிரிப்பார்கள். டபிள்யூ 240, டபிள்யூ 320 என்ற எண்கள் ஒரு பவுண்டுக்கு அதிகபட்சம் எத்தனை முழுப் பருப்பு நிற்கும் என்பதைச் சொல்கின்றன. எண் குறைந்தால் பருப்பு பெரிது, விலையும் கூடுதல். பிளந்தது, நொறுங்கியது எல்லாம் தனி விலை. நடுவில் உடைப்பவர்களுக்குக் கூலி, கொட்டையை வீட்டுக்கு எடுத்துப்போய் உடைப்பவர்களுக்கு எடைக் கணக்கு.

இதை மென்பொருளாக்க உட்காருங்கள். எத்தனை அட்டவணை வேண்டும்? கொட்டை கொடுத்தவர் ஒன்று, வந்த மூட்டைகள் ஒன்று, உடைக்கக் கொடுத்தது ஒன்று, திரும்பி வந்த பருப்பு ஒன்று, கூலி ஒன்று. ஒருவர் மூன்று மூட்டை எடுத்துப்போய் இரண்டை மட்டும் திருப்பிக் கொடுத்தால் அதை எங்கே எழுதுவது? நேற்று போட்ட எடை தப்பு என்று இன்று தெரிந்தால், பழைய எண்ணை அழித்துவிடுவதா, திருத்தம் என்று தனி வரி போடுவதா? மூட்டைக்கு இவ்வளவு பருப்பு வர வேண்டும் என்ற அளவை விடக் குறைந்தால் திரையில் எச்சரிக்கை காட்டலாமா? இவை எல்லாம் நிறுவனங்களில் தினமும் எழும் கேள்விகள். உங்கள் பதில் சரியா தவறா என்பதை விட, யோசித்துத்தான் செய்தீர்கள் என்பது நேர்காணலில் தெளிவாகத் தெரியும்.

பண்ருட்டி இல்லையென்றால் கடலூர் துறைமுகத்து மீன் ஏலக் கணக்கு. இல்லையென்றால் முதுநகரில் உங்கள் மாமா கடையின் கடன் நோட்டு. எதுவானாலும் அந்தத் தொழிலைச் செய்பவரோடு உட்கார்ந்து ஒரு மணி நேரம் கேளுங்கள், அவர் எழுதும் நோட்டைப் பாருங்கள். முதலில் காகிதத்தில் அட்டவணைகளை வரையுங்கள். பிறகு மிகச் சிறிய வடிவம்: ஒரு வரவைப் பதிவு செய்வது, பட்டியலாகப் பார்ப்பது. அவ்வளவுதான். அது ஓட ஆரம்பித்ததும் இணையத்தில் ஏற்றி, அவருடைய போனிலேயே திறந்து காட்டுங்கள். "எழுத்து சின்னதா இருக்கே", "இந்தப் பட்டன் எதுக்கு?" என்பார். அவர் சொன்னதைக் குறித்து, திருத்தி, மறுபடி காட்டுங்கள். இப்படி மூன்று நான்கு சுற்று போனால் நீங்கள் செய்தது ப்ராஜெக்ட் என்ற நிலையைத் தாண்டிவிடும். வாடிக்கையாளரோடு வேலை பார்த்த அனுபவம் உங்களுக்கு வந்திருக்கும்.

கிட்ஹப்பில் அந்த வேலைக்கு ஒரு பக்க விளக்கம் எழுதுங்கள். யாருக்காகச் செய்தது, என்ன சிக்கல், எப்படித் தீர்த்தீர்கள், இன்னும் எது மிச்சம். நிஜ மனிதர்களின் பெயர், போன் எண், தொகை எதையும் ஏற்றாதீர்கள், கற்பனைத் தரவை வையுங்கள்.

செயற்கை நுண்ணறிவை எப்படிப் பயன்படுத்துவது

சாட்ஜிபிடி போன்ற கருவிகள் இப்போது நிரல் எழுதித் தருகின்றன. 2021, 2022-இல் அள்ளி எடுத்தது போலப் பெரிய நிறுவனங்கள் இப்போது ஃப்ரெஷர்களை எடுப்பதும் இல்லை. பயப்பட வேண்டாம், ஆனால் பழக்கத்தைச் சரியாக அமைத்துக்கொள்ள வேண்டும். கற்கும் முதல் சில மாதங்களுக்கு நிரலை அதனிடம் எழுதச் சொல்லாதீர்கள். நீங்கள் எழுதுங்கள், பிழை வந்தால் அரை மணி நேரம் நீங்களே தேடுங்கள், பிறகு "இந்தப் பிழை ஏன் வருகிறது, விளக்கு" என்று கேளுங்கள். தமிழிலும் கேட்கலாம். அடிப்படை பிடிபட்ட பிறகு அதை எழுத விடுங்கள். ஆனால் அது கொடுத்த ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று சொல்லத் தெரியாமல் உங்கள் வேலையில் சேர்க்காதீர்கள். நேர்காணலில் திரையைப் பகிரச் சொல்லி, அந்த இடத்திலேயே ஒரு சிறிய மாற்றம் செய்யச் சொல்வார்கள். உண்மையில் கற்றவர் யார் என்பது அப்போது தெரிந்துவிடும்.

ஆங்கிலம்

தமிழ்வழியில் படித்த பிள்ளைகள் இதற்குத்தான் அதிகம் அஞ்சுகிறார்கள். வேலைக்குத் தேவைப்படும் ஆங்கிலம் நீங்கள் நினைப்பதை விடச் சிறியது. உங்களைப் பற்றி ஒரு நிமிடம், உங்கள் ப்ராஜெக்ட்டைப் பற்றி இரண்டு நிமிடம், நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப் போகிறேன், எங்கே சிக்கியிருக்கிறேன் என்று மூன்று வாக்கியம், தெளிவான ஒரு மின்னஞ்சல். இவ்வளவுதான் ஆரம்பத்தில்.

தினமும் இரவு அன்று கற்றதைப் போனில் இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் பேசிப் பதிவு செய்யுங்கள். கேட்டுவிட்டு, எந்த இடத்தில் வார்த்தை வராமல் நின்றீர்களோ அந்த வாக்கியத்தை மட்டும் எழுதிப் பாருங்கள். மறுநாள் அதையே மறுபடி பேசுங்கள். முதல் பதிவை அழிக்காமல் வையுங்கள். இரண்டு மாதம் கழித்துக் கேட்டால் வித்தியாசம் உங்களுக்கே புரியும். நேர்காணலில் வார்த்தை தடுமாறினால் நிறுத்தி, மெதுவாக, சின்ன வாக்கியமாகச் சொல்லுங்கள். புரியாத கேள்வியை மறுபடி கேட்கச் சொல்வதில் தவறே இல்லை.

உங்கள் படிப்புக்கு எந்த வாசல்

பிளஸ் டூ முடித்து, வீட்டுச் சூழலால் உடனே சம்பாதிக்க வேண்டும் என்றிருப்பவர்கள் இரண்டைப் பாருங்கள். ஜோஹோவின் பள்ளி, பிளஸ் டூ அல்லது டிப்ளமோ முடித்தவர்களை எடுத்து, மாதாமாதம் உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவிக்கிறது. எச்சிஎல்லின் டெக்பீ, பிளஸ் டூ முடித்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்து வேலையில் சேர்த்துக்கொண்டு, மேலே பட்டம் படிக்கவும் வழி செய்கிறது. கட்டணம், ஒப்பந்தம் பற்றிய விதிகளை அவர்கள் தளத்திலேயே நிதானமாகப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

பி.எஸ்சி., பி.சி.ஏ. படித்தவர்கள் விப்ரோவின் வில்ப் திட்டத்தைக் கவனியுங்கள், வேலை பார்த்துக்கொண்டே எம்.டெக். படிக்கலாம். பொறியியல் படிப்பவர்கள் டிசிஎஸ்ஸின் என்க்யூடி போன்ற ஆளெடுப்புத் தேர்வுகளுக்கு மூன்றாம் ஆண்டிலிருந்தே தயாராக வேண்டும். கணக்கு, தர்க்கம், ஆங்கிலம், நிரல் எல்லாம் கேட்பார்கள், நேரம் குறைவாக இருக்கும். பெரிய நிறுவனங்கள் பல பத்தாம் வகுப்பிலிருந்து பட்டம் வரை 60 சதவீதம் கேட்கும். நிலுவையில் அரியர் இருந்தால் உள்ளே விடாத இடங்களும் உண்டு. அதனால் அரியரை முதலில் முடியுங்கள்.

மதிப்பெண் அந்த அளவுக்கு வராதவர்கள் மனம் தளர வேண்டாம். சிறிய, நடுத்தர நிறுவனங்களில் மதிப்பெண்ணை விட உங்கள் வேலையைப் பார்க்கிறார்கள். முன்னே சொன்ன ஒரு ப்ராஜெக்ட் அதிகம் உதவுவது உங்களுக்குத்தான்.

விண்ணப்பமும் நேர்காணலும்

ரெஸ்யூம் ஒரே பக்கம். புகைப்படம், அப்பா பெயர், மதம், ராசி எதுவும் வேண்டாம். மேலே பெயர், தொடர்பு, கிட்ஹப் முகவரி. அடுத்து ப்ராஜெக்ட். அதற்குக் கீழே திறன்கள், படிப்பு. தெரியாததை எழுதாதீர்கள், எழுதிய ஒவ்வொரு சொல்லிலிருந்தும் கேள்வி வரும்.

நௌக்ரி, லிங்க்ட்இன் இரண்டிலும் கணக்கு தொடங்குங்கள். அதை விட நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் விண்ணப்பிப்பது நல்லது. எல்லாவற்றையும் விட வலுவானது ரெஃபரல், அதாவது உள்ளே வேலை பார்ப்பவர் உங்களைப் பரிந்துரைப்பது. உங்கள் பள்ளியில், கல்லூரியில் மூன்று நான்கு வருடம் முன்னால் படித்தவர்களைத் தேடி எழுதுங்கள். "வேலை வாங்கித் தாருங்கள் அண்ணா" என்று எழுதினால் பெரும்பாலும் பதில் வராது. "அண்ணா, நான் செய்த இந்த வேலையைப் பார்த்து எங்கே குறை என்று சொல்ல முடியுமா?" என்று எழுதினால் பலர் நேரம் ஒதுக்குவார்கள். பிறகு அவர்கள் நிறுவனத்தில் இடம் வரும்போது உங்கள் நினைவு வரும்.

சென்னையில் நேரில் வரச் சொன்னால் முகவரியைப் பார்த்து பஸ்ஸைத் தேர்ந்தெடுங்கள். சிறுசேரி, சோழிங்கநல்லூர் என்று ஓஎம்ஆர் பக்கம் என்றால் ஈசிஆர் வழி போவது வசதி. திண்டிவனம் வழி போனால் கிளாம்பாக்கத்தில் இறங்கி மறுபடி குறுக்கே வர வேண்டியிருக்கும். கார்த்திகை மழையில் அன்றைக்குக் காலையில் கிளம்பிப் போய்ச் சேர்வதை நம்பாதீர்கள், முந்தின நாளே போய்விடுங்கள். வீட்டிலிருந்து வீடியோ நேர்காணல் என்றால் லேப்டாப்பில் முழு சார்ஜ், போனில் டேட்டா இரண்டும் தயாராக இருக்கட்டும். கரண்ட் போனாலும் பேச்சு தொடர வேண்டும்.

முதல் பத்து நேர்காணல்களில் தேறாமல் போவது சாதாரணம். வெளியே வந்ததும், பஸ் ஏறுவதற்கு முன்னால், கேட்ட கேள்விகளை எல்லாம் எழுதிவிடுங்கள். பதில் தெரியாதவற்றை அந்த வாரமே படியுங்கள். அதே கேள்விகள் அடுத்த இடத்திலும் வரும்.

பணம் கேட்பவர்களிடம் போகாதீர்கள்

நம் பக்கத்தில் பிள்ளையின் வேலைக்காக நகையை அடகு வைத்துப் பணம் கொடுத்த குடும்பங்கள் இருக்கின்றன. இதை எழுதும்போதே மனம் கொதிக்கிறது. தெளிவாகச் சொல்கிறேன்: நேர்மையான எந்த நிறுவனமும் வேலை தருவதற்கு உங்களிடம் பணம் வாங்காது. லேப்டாப் டெபாசிட், சான்றிதழ் சரிபார்ப்புக் கட்டணம், பேக்டோர் வழி, "ஹெச்ஆர் நம்ம ஆளுதான்" என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அது மோசடி. ஆஃபர் லெட்டர் வந்த மின்னஞ்சல் நிறுவனத்தின் சொந்த முகவரியிலிருந்து வந்ததா, வெறும் ஜிமெயிலா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் நிறுவனத் தளத்தில் உள்ள முகவரிக்கு எழுதிக் கேளுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை முடக்க அவ்வளவு வாய்ப்பு.

அதைப் போலவே போலி அனுபவச் சான்றிதழ். இரண்டு வருடம் வேலை பார்த்ததாகக் காகிதம் தருகிறோம் என்பார்கள். பின்னணிச் சரிபார்ப்பில் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பதிவைப் பார்த்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும். வேலை போவதோடு நிற்காது, அந்த நிறுவனத்தின் பதிவில் உங்கள் பெயரும் கறையோடு இருக்கும். "நூறு சதவீதம் வேலை உறுதி" என்று சொல்லும் பயிற்சி நிலையத்தில் சேருமுன், கடந்த வருடம் வேலைக்குப் போன நான்கு பேரோடு பேச வேண்டும் என்று கேளுங்கள். மழுப்பினால் வெளியே வந்துவிடுங்கள்.

ஆஃபர் லெட்டரைப் படிப்பது

சிடிசி, அதாவது நிறுவனம் உங்களுக்காக வருடத்துக்குச் செலவிடும் மொத்தத் தொகை, 3.5 லட்சம் என்றால் மாதம் 29,000 கைக்கு வரும் என்று கணக்குப் போடாதீர்கள். அதில் நிறுவனம் உங்கள் பேரில் கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி (பணிக்கொடை), காப்பீடு, வருடக் கடைசியில் வரலாம் வராமலும் போகலாம் என்ற மாறும் தொகை எல்லாம் அடங்கும். உங்கள் பங்கு பி.எஃப். அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதமும் கழியும். கைக்கு வருவது சுமார் 22,000 முதல் 25,000 வரை இருக்கும். மாதம் கையில் எவ்வளவு என்று ஹெச்ஆரிடம் நேராகவே கேளுங்கள்.

பாண்ட், அதாவது குறிப்பிட்ட காலம் விலக மாட்டேன் என்ற ஒப்பந்தம், இருந்தால் எத்தனை மாதம், இடையில் விலகினால் எவ்வளவு, பயிற்சிக் காலம் அதில் சேருமா என்று படியுங்கள். அசல் சான்றிதழ்களைக் காட்டலாம், நகல் கொடுக்கலாம். வாங்கி வைத்துக்கொள்வோம் என்றால் சம்மதிக்காதீர்கள்.

சேர்ந்த பிறகு

முதல் மூன்று மாதம் ஒன்றுமே புரியாதது போல இருக்கும், எல்லோருக்கும் அப்படித்தான். கேள்வி கேளுங்கள், கேட்குமுன் நீங்கள் என்னென்ன முயன்று பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள். ஒரே கேள்வியை இரண்டாவது முறை கேட்காமல் இருக்க ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். வேலை தாமதமாகும் என்று தெரிந்தால் கெடு நாளுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். மேலாளர்கள் தாமதத்தைச் சமாளிப்பார்கள், கடைசி நேரத்தில் தெரியவந்தால்தான் கோபப்படுவார்கள்.

ப்ராஜெக்ட் கிடைக்காமல் பெஞ்சில் இருக்க நேர்ந்தால் அந்த நாட்களில் உங்கள் துறையின் அடுத்த படியைப் படியுங்கள். எந்தக் குழுவுக்கு ஆள் தேவை என்று நீங்களே போய் விசாரியுங்கள். யாராவது கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தால் மாதங்கள் ஓடிவிடும்.

ஒவ்வொரு மாதமும் நீங்கள் முடித்த வேலைகளை நான்கு வரியில் எழுதி வையுங்கள். வருடாந்திர மதிப்பீட்டில் அதுதான் கைகொடுக்கும், அடுத்த வேலைக்கான ரெஸ்யூமும் அதிலிருந்தே வரும். இரண்டு வருடம் முடியும் கட்டத்தில் கற்பது நின்றுவிட்டது என்று தோன்றினால் வெளியே பாருங்கள். அடுத்த இடத்தின் ஆஃபர் லெட்டர் எழுத்தில் வராமல் ராஜினாமா கொடுக்காதீர்கள். சிலர் மூன்று மாத நோட்டீஸ் கேட்பார்கள், அதைப் புதிய இடத்தில் முன்பே சொல்லிவிடுங்கள். வெளியேறும்போது ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்றிதழ், எல்லா மாதச் சம்பளச் சீட்டுகள், சம்பளத்தில் வருமான வரி பிடித்ததற்கான சான்றிதழ் ஆகியவற்றை உங்கள் சொந்த மின்னஞ்சலுக்குக் கேட்டு வாங்குங்கள். நிறுவனத்தின் நிரல் எதையும் எடுத்துக்கொண்டு வராதீர்கள். பி.எஃப். கணக்கின் யுஏஎன் என்ற அடையாள எண், வேலை மாறினாலும் ஒன்றுதான். புதிய இடத்திலும் அதையே கொடுத்து, பழைய தொகையை எடுக்காமல் மாற்றிக்கொள்ளுங்கள்.